அனுப்பப்பட்டவர்கள் வரிசை

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறாயாமே, உன் வீட்டுக்காரி சொன்னாள். ஆஸ்பத்திரியையே நிர்வாகம் பண்ணுகிறவன் செய்கிற வேலையா அது?

போனில் பேசலாம்தான். ஆனால் நீ இன்னும் பட்டாளத்திலேயே இருப்பது போல, "சரி. ஆச்சு. வைக்கட்டா?" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவாய். எனக்கோ முப்பத்தைந்து வருஷம் தபால் பிரித்த கை. ஓய்வு பெற்றதிலிருந்து ஒரு கடிதமும் கையில் படாமல் அரிப்பெடுக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதத்தான் வேண்டும்.

வேலை இருந்தவரை நினைக்க நேரமில்லை. இப்போது நினைப்பதைத் தவிர வேறு வேலையில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டை வரை வந்து திரும்பிப் போகிற கேள்வி.

உன் அத்தான் லாரி ஓட்டிய அதே முகாமில்தான் நீயும் மருத்துவப் பிரிவில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தாய். அடிபட்டவரை உங்கள் கூடார ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். மே 14 ராத்திரி எனக்குத் தந்தி வந்தது: 'காயம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்.' அன்றைக்குப் பார்த்துப் பொடிசுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மூன்று வயதுக் குழந்தை, என் புடவையை விடவேயில்லை. காய்ச்சல் விடட்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டேன். 16 அன்று ரயில் ஏறி, 17 அன்று போய்ச் சேர்ந்தேன். "நேத்துதாம்மா போயிட்டாரு" என்றார்கள்.

அந்த இரண்டு நாளும் அவர் என்னைத் தேடினாரா? வாசலைப் பார்த்தபடியே கிடந்தாரா? 'அவ ஏன் இன்னும் வரல' என்று யாரிடமாவது கேட்டாரா? நீ அந்தத் துறையில்தான் இருக்கிறாய். பழைய காகிதம் எதையாவது தேடிப் பார்த்துச் சொல். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

மாத்திரையை முழுசாகப் போடு.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. முழங்காலுக்கு மாடிப்படி ஏறாதே.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை அதிகம். இருநூறு படுக்கை, முந்நூறு நோயாளி. யார் எங்கே படுத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்குள் பொழுது போய்விடுகிறது.

நீ கேட்டது பழைய விஷயம். அந்தக் காலத்துக் காகிதங்கள் ஈரத்தில் போயிருக்கலாம். பார்க்கிறேன்.

பொடிசுக்கும் அவள் குழந்தைக்கும் என் அன்பு.

தம்பி


பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடிதம் என்று சொன்னால் தபால் துறை என்மேல் வழக்குப் போடும். அலுவலகச் சுற்றறிக்கை இதைவிட நீளமாக இருக்கும். எனக்கு உடம்பு பரவாயில்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

நீ 'பார்க்கிறேன்' என்றால் பார்க்க மாட்டாய் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் திரும்பக் கேட்கிறேன், ஏனென்றால் போன வாரம் ஒன்று நடந்துவிட்டது.

பொடிசின் குழந்தைக்குக் காய்ச்சல். பொடிசு என்று நாம்தான் கூப்பிடுகிறோம், இப்போது கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "ஒரு ஜுரத்துக்காக எல்லாத்தையும் போட்டுட்டு உட்கார்ந்துட்டா எப்படி?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என் ஜுரத்தாலதான அப்பாவ பார்க்க முடியாம போச்சு? அதத்தான சொல்ல வர்ற?" என்றாள்.

தம்பி, நான் அவளிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவளை மடியில் வைத்துத் தலை வாரும்போதெல்லாம், 'அன்னைக்கு மட்டும் உனக்குக் காய்ச்சல் வராம இருந்திருந்தா' என்று மனசுக்குள் ஓடும். கையில் அது வந்திருக்கும். சீப்பை அழுத்தியிருப்பேன். குழந்தைக்குத் தெரியாமலா போகும்?

இந்தக் கேள்வி இனி எனக்காக மட்டும் இல்லை. அவர் என்னைத் தேடவில்லை, மயக்கத்தில்தான் இருந்தார் என்று ஒரு வரி கிடைத்தால் போதும். அதை அவள் கையில் கொடுத்துவிடுவேன்.

சீக்கிரம் எழுது. உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுமார். தூக்கம் குறைந்திருக்கிறது. நீயும் பொடிசும் நலம்தானே? குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா?

இங்கே ஒரு தப்பு நடந்துவிட்டது. என் கையால் நடந்தது. வேறு யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிட்டது. எந்தப் படுக்கையில் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, வரவேற்பறையில் ஒரே கூச்சல். நான் கிடங்கிலிருந்து ஒரு பலகையை எடுத்துவந்து, சட்டம் அடித்து, நான்கு வரிசை பிரித்து மாட்டினேன். படுக்கையில் இருப்பவர்கள், அறுவைக்குப் போனவர்கள், வீட்டுக்குப் போனவர்கள், வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. ஆள் நகர்ந்தால் அட்டையும் நகரும். "பட்டாளத்தார் களத்தில இறங்கிட்டாருடோய்" என்று எல்லோரும் கிண்டல் பண்ணினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முப்பத்தொன்றாம் படுக்கையில் ஒரு கொத்தனார். ஏழு இருபதுக்கு இறந்துபோனார். அட்டையை எடுத்துத் தலைமை நர்ஸிடம் கொடுக்க வேண்டும், அவர் வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்வார். என் கை அந்த அட்டையை எடுத்து நாலாவது வரிசையில் செருகியது. நான் யோசிக்கவே இல்லை. பழைய பழக்கம்.

ஒன்பது மணிக்கு அவருடைய மகள் வந்தாள். பலகையைப் பார்த்திருக்கிறாள். மேசையில் இருந்த புது ஆளிடம் "எங்க அனுப்பினீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவன் பலகையை நம்பி, இதய ஆஸ்பத்திரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டான். அவள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். நாலு மணிக்குத் திரும்பி வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் அப்பா இதே கட்டடத்தில், கீழ்த்தளத்துக் குளிர் அறையில் இருந்தார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "சார், நான் அலைஞ்சது பரவாயில்ல. ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னப்போ, அவரு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு, நான் லேட் பண்றேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அவரு காத்துக்கிட்டே இல்ல. அத யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

விசாரணை வைத்திருக்கிறார்கள். கண்காணிப்பாளர், "கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதிக் குடுங்க, முடிச்சிடலாம்" என்கிறார்.

நீ கேட்ட காகிதம் இன்னும் கிடைக்கவில்லை.

தம்பி


மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ சாப்பிடுகிறாயா? தூங்கு. மற்றதெல்லாம் பிறகு.

அந்தப் பெண் பாவம். ஆனால் முந்நூறு பேரைப் பார்க்கிறவன் ஓர் அட்டையைத் தப்பாகச் செருகினான் என்பதற்காக உன்னைத் தூக்கிலா போடுவார்கள்? முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை கடிதத்தைத் தப்பான பையில் போட்டிருக்கிறேன், எனக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர்மேல் மட்டும் பழி போடாதே. அது உனக்குச் செரிக்காது.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பொடிசு என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. இறந்தவரின் அட்டையை 'அனுப்பப்பட்டவர்கள்' வரிசையில் போடுவது எப்படிப் பழக்கம் ஆகும்? எந்தப் பழக்கம்? எங்கே பழகியது?

உன் கையெழுத்து கோணலாக இருக்கிறது. டாக்டரைப் பார்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

என் தப்பு என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்பும் கேட்டேன். என்னைக் கீழ்த்தளத்துப் பழைய பதிவேட்டு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். பயப்படாதே, உயிரோடுதான் இருக்கிறேன். ஜன்னல் இல்லை, விளக்கு இருக்கிறது. எட்டு மாதத்தில் ஓய்வு.

உன் கேள்விக்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு, பொடிசு எழுதுகிறேன்.

நீங்களும் அத்தையும் நன்றாக இருக்கிறீர்களா? குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டாள். கையில் அகப்படுகிற செருப்பையெல்லாம் வாயில் வைக்கிறாள்.

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் சரியாக இல்லை. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள். அவரும் பாவம், அம்மா நிற்கிற தெருவுக்கு வராமலே சுற்றிக்கொண்டு போகிறார்.

உங்களுக்கு ஏதோ தெரியும் என்று அம்மா நினைக்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பா அந்த இரண்டு நாளும் கதறியிருந்தாலும் சரி, அம்மாவைத் திட்டியிருந்தாலும் சரி, சொல்லிவிடுங்கள். மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்கு இருபத்திரண்டு வருஷமாக நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மாமா. வாயால் இல்லை. முதல் மார்க் வாங்கி, வீட்டு வேலையெல்லாம் செய்து, எதிர்த்துப் பேசாமல். இப்போது எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவள் உடம்பு சுட்டால் எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் குற்ற உணர்ச்சி வருகிறது. இது இத்தோடு நிற்க வேண்டும்.

அத்தைக்கு என் அன்பு.

பொடிசு


மே 14

அக்கா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க இன்று எனக்குத் தகுதி இல்லை. உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

எந்தப் பழக்கம் என்று கேட்டாய். எங்கள் கூடாரத்தில் முப்பது கட்டில். எல்லாக் கட்டிலிலிருந்தும் தெரிகிற மாதிரி நடுக்கம்பத்தில் ஒரு பலகை. ஆளுக்கோர் அட்டை, பெயர், எண், ரத்த வகை. எழுதுவது நான். முதல் வாரத்தில் ஒருவன் இறந்தபோது அவன் அட்டையை எடுத்துவிட்டேன். அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரன் சாப்பிட மறுத்துவிட்டான். எங்கள் டாக்டர் மேஜர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே யாரு அட்டையும் பலகையிலிருந்து வெளியே வரக் கூடாது. எல்லாம் 'அனுப்பப்பட்டவர்கள்' வரிசைக்குப் போகட்டும். போனவன் பொழைச்சுப் போறான்னு மத்தவன் நம்பணும்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. அதனால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் அன்றிலிருந்து உயிரோடு போனவனும் உயிரில்லாமல் போனவனும் ஒரே வரிசை. சாயங்காலம் தந்திக்காரன் வந்து அந்த வரிசையைப் பார்த்து வீடுகளுக்குத் தந்தி அடிப்பான். அவனுக்கு வித்தியாசம் தெரியாது. சரியான தகவல் பிறகு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போகும்.

அத்தானை 14 காலை ஒன்பது மணிக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது நிமிஷம் இருந்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன். தண்ணீர் கேட்டார், நாக்கை நனைத்தேன். "வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டாங்களா பாரு, சரிவுல நிக்குது" என்றார். போட்டாயிற்று என்றேன். பிறகு, "உங்க அக்காகிட்ட இப்ப சொல்லாத. பயந்துடுவா. நானே போய் சொல்லிக்கிறேன்" என்றார். காலில் மட்டும்தான் அடி என்று நினைத்துக்கொண்டிருந்தார். வலி தெரியாமல் ஊசி போட்டிருந்தோம். ஒன்பது நாற்பதுக்குப் போய்விட்டார்.

அக்கா, பெரிய ஆஸ்பத்திரியில் அவர் ஒரு நிமிஷம்கூட உயிரோடு இல்லை. வாசலைப் பார்க்கவில்லை. 'ஏன் வரல' என்று கேட்கவில்லை. மழையில் சாலை அடைபட்டு, அவரை ஏற்றிப் போன வண்டி இரண்டு நாள் வழியிலேயே நின்றது. 16 அன்று போய்ச் சேர்ந்தது. அங்கே வந்து சேர்ந்த தேதியையே இறந்த தேதியாகச் சான்றிதழில் போட்டுவிட்டார்கள். தந்தி கைக்கு வந்த நிமிஷமே நீ பறந்து போயிருந்தாலும் அவரைப் பார்த்திருக்க முடியாது. பொடிசின் காய்ச்சல் எதையும் தடுக்கவில்லை. பச்சைக் குழந்தை மேல் ஒரு பாவமும் இல்லை. உன்மேலும் இல்லை.

அத்தானின் அட்டையை அந்த வரிசையில் செருகியது நான். சாயங்காலம் தந்திக்காரன் உன் முகவரியை எழுதியபோது பக்கத்தில் நின்றதும் நான். 'இது என் அக்கா, இதை அனுப்பாதே' என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் முப்பது பேர் காதிலும் விழும் என்பது ஒரு காரணம். நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. விடுப்புக் கிடைத்து வர ஒரு மாதம் ஆனது. நீ கதவைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "ரெண்டு நாள் முன்னாடி போயிருந்தா பார்த்திருப்பேன்டா." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

அத்தான் 'சொல்லாத' என்றாரே, அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் சொன்னது ஒரு நாளைக்கு. இருபத்திரண்டு வருஷம் ஆக்கியது நான். அந்தக் கொத்தனார் மகள் ஒரே ஒரு நாள் ஓடியதற்கே போய் மன்னிப்புக் கேட்டேன். உன்னை எத்தனை நாள் ஓட விட்டிருக்கிறேன்.

கூடாரத்தைப் பிரித்த அன்று அத்தானின் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. நீ கேட்டால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தம்பி


ஜூன் 22

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி? என் கடிதம் கிடைத்ததா? வழியில் எங்காவது தொலைந்துபோயிருக்குமோ என்று நினைத்தேன். போன் பண்ணினால் எடுப்பதில்லை. திட்டியாவது எழுது.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

முழங்கால் வலிக்கிறது. வேறு குறையில்லை.

உன் இரண்டு கடிதமும் வந்துவிட்டன. தபால் தொலைந்ததா என்று என்னிடமே கேட்கிறாய் பார். என் வீட்டுக்கு வருகிற தபால் தொலையாது.

முதல் பத்து நாள் உன்னைத் திட்டினேன். மனசுக்குள் இல்லை, சத்தமாக, பாத்திரம் கழுவிக்கொண்டே. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாருகூட சண்டை?" என்றாள். "என் தம்பிகூட" என்றேன். "எங்க, காணோமே?" என்றாள். "அதுக்குத்தான் சண்டை" என்றேன்.

முட்டாள் நான். என் பிழைப்பே முத்திரையைப் பார்ப்பதுதான். இருபத்திரண்டு வருஷமாக மே மாதத்தில் உன் கடிதம் 14ஆம் தேதி முத்திரையோடு வரும். 16ஆம் தேதி நான் லீவு போட்டு வீட்டில் இருப்பேன், அன்றைக்குக் கையில் கிடைக்கட்டும் என்று தம்பி கணக்காகப் போடுகிறான் என்று நினைத்து மகிழ்ந்துபோவேன். நீ உனக்குத் தெரிந்த தேதியில் எழுதியிருக்கிறாய். நான் எனக்குத் தெரிந்த தேதியில் அழுதிருக்கிறேன். இரண்டு நாள் தள்ளி.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பொடிசு வீட்டுக்குப் போனேன். படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். மடித்து என்னிடமே கொடுத்தாள். கட்டிலில் போய்ப் படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கை வைத்தேன்.

"எனக்கு ஜுரமெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

"தெரியும்" என்றேன். கையை எடுக்கவில்லை. அவளும் விலக்கவில்லை. குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். எழுத வரவில்லை. மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். பொய் எழுதிக் கொடுக்க நீ ஒருவன் போதும். ஆனால் அவர் பக்கத்தில் யாருமே இல்லை என்று நினைத்திருந்தேன். நீ இருந்திருக்கிறாய். நாக்கை நனைத்திருக்கிறாய். அதையும் சேர்த்துத்தான் மறைத்துவிட்டாய், பாவி. சாகப் போகிற நேரத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பற்றிக் கேட்டார் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் குரல் கேட்டது.

அந்த அட்டை என்னுடையது. எனக்கு வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். இந்த முறை எதையும் அனுப்பாதே. நீயே கொண்டு வா.

அக்கா